முன்நெற்றியில் முடி வெட்டிவிடலாமா? வீட்டிலேயே வெட்டினால் சரியாக வருமா?

விளாங்குடி மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் பத்து நாளாக மண்டையைக் குடைகிறது. வீட்டில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

எனக்கு 29 வயது. பிள்ளை பிறந்து ஒன்பது மாதம் ஆகிறது. மூன்றாம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது, சீப்பைத் தொடவே பயமாக இருந்தது. இப்போது கொட்டுவது நின்றுவிட்டது. ஆனால் கொட்டிய இடத்தில் முளைத்த புது முடி எல்லாம் நெற்றி ஓரமாக இரண்டு அங்குலத்துக்குக் குத்திட்டு நிற்கிறது. காலையில் எண்ணெய் தொட்டுப் படிய வைத்துவிட்டு அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மறுபடி எழுந்துவிடும். "அண்ணி, நெத்தியில நாத்து நட்டிருக்கீங்களா" என்று கொழுந்தனார் கேலி செய்கிறார். போதாததற்கு எனக்கு ஏறு நெற்றி. பள்ளிக்கூடத்திலேயே அதற்குப் பட்டப்பெயர் உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தக் கொழுந்தனாருக்கே இன்னும் ஏழு வாரத்தில் கல்யாணம். போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கும். அதற்குள் முன்னால் பேங்க்ஸ், அதாவது நெற்றியில் விழுகிற மாதிரி முன்முடி, வெட்டிக்கொண்டால் இந்த நாற்றும் மறையும், நெற்றியும் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும் என்று ஒரு ஆசை. போனில் பார்க்கிற பெண்கள் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் திரைச்சீலை மாதிரி விழுமே, அது.

தயக்கம் என்னவென்றால், தினமும் சிம்மக்கல் வரைக்கும் ஸ்கூட்டியில் போகிறேன், ஹெல்மெட் கழற்றும்போது தலை நனைந்துதான் இருக்கும். தலைக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துப் பழகியவள். முடி நேராகவும் இல்லை, சுருட்டையும் இல்லை, லேசாக அலை அலையாக இருக்கும். அத்தை வேறு "பொட்டு வைக்கிற நெத்திய மறைச்சா வெளங்குமா" என்கிறார். பார்லரில் 350 ரூபாய் சொன்னார்கள். பணம் பெரிதில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு மாதா மாதம் அங்கே போய் உட்கார முடியாது. அதனால் முதல் வெட்டிலிருந்து நானே வெட்டிக்கொள்ளப் பழகிவிடலாமா? வீட்டில் துணி வெட்டும் கத்தரி ஒன்று நல்ல பதமாக இருக்கிறது. வெட்டிப் பார்த்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

திருமங்கலம் பார்லர் அக்கா:

தங்கச்சி, இந்த வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். என்னிடம் பேங்க்ஸ் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்.

ஒன்று, சுழி. உச்சியில் இருக்கிற சுழியைச் சொல்லவில்லை, முன்முடி ஆரம்பிக்கிற கோட்டில் சிலருக்கு ஒரு குட்டிச் சுழி இருக்கும். முடியை நனைத்துப் பின்னால் வாரிவிட்டு, தலையை லேசாக முன்னால் ஆட்டிப் பார். ஒரு இடத்தில் மட்டும் முடி பிளந்துகொண்டு ஒரு பக்கமாக ஓடினால் அங்கே சுழி இருக்கிறது என்று அர்த்தம். சுழி இருக்கிறவர்களுக்குப் புருவத்தோடு நேராக நிற்கிற பேங்க்ஸ் எந்த ஊர் ஆள் வெட்டினாலும் நிற்காது. நீ கேட்கிற திரைச்சீலை மாதிரி என்றால் சமாளிக்கலாம்.

இரண்டு, வெட்டாமலே பார்ப்பது. தலையை உச்சியில் குதிரைவால் போட்டு, அதன் நுனியை மடக்கி நெற்றிப் பக்கமாக விழவிட்டு ஹேர்பின் குத்திக்கொண்டு ஒரு நாள் வீட்டிலேயே வேலை பார். சோறு வடி, பிள்ளையைத் தூக்கு, வியர்க்கட்டும். சாயங்காலம் வரைக்கும் எரிச்சல் வராமல் இருந்தால் உனக்கு பேங்க்ஸ் சரி. மதியமே பிய்த்து எறியலாம் போல இருந்தால் 350 ரூபாய் மிச்சம்.

அந்த நாற்று முடியைப் பற்றி. பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேருக்கு இது வருவதுதான், பயப்படாதே. அதை மட்டும் வெட்டிவிடாதே. படியவில்லை என்று அதை ஒட்ட வெட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் மறுபடி முதலில் இருந்துதான். முடி மாதத்துக்கு அரை அங்குலம் போல வளரும். உன் பேங்க்ஸை மூக்கு நுனி அளவுக்கு, அதாவது ஒரு ஐந்து அங்குலம் வைத்தால், இந்த இரண்டு அங்குல முடி ஆறு மாதத்தில் அதோடு வந்து சேர்ந்துகொள்ளும். அதுவரைக்கும் மேலே விழுகிற முடி அதை அமுக்கி மறைத்துவிடும். அதனால் உன் யோசனை தப்பில்லை.

இப்போது வெட்டுகிற முறை. முதல் நாள் ஷாம்பு போட்டுக் குளித்துவிடு, எண்ணெய் தொடாதே, முடி தானாகக் காயட்டும். காய்ந்த முடியில்தான் வெட்ட வேண்டும், இதை மட்டும் எழுதி ஒட்டி வை. ஈர முடி நீளும், காய்ந்தால் மேலே ஏறிவிடும். உனக்கு அலை வேறு இருக்கிறது, இன்னும் ஏறும்.

நடுவகிடு எடு. சீப்பைப் படுக்க வைத்து உச்சித் தலையில் வகிட்டின் மேல் வை. சீப்பின் முன்பக்கம் தலையை விட்டு விலகுகிற இடம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் முன்முடிக் கோட்டில் இருந்து மூன்று விரல் தள்ளி வரும். வெட்டுவதற்கு முடியை முக்கோணமாகப் பிரிக்க வேண்டும், அதன் உச்சி அதுதான். முதல் தடவை என்பதால் நீ இரண்டு விரலோடு நிறுத்திக்கொள். பேங்க்ஸ் மெலிசாக இருந்தால் பிறகு முடி சேர்த்துக்கொள்ளலாம், அடர்த்தியாக எடுத்துவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது. அந்த உச்சியில் இருந்து இரண்டு புருவத்தின் வெளி நுனிக்கும் நேராகக் கோடு இழு. அதற்கு வெளியே ஒரு முடி கூட எடுக்காதே. காது பக்கத்து முடியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருவதுதான் வீட்டில் வெட்டுகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, அப்புறம் காதோரத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். மிச்ச முடி எல்லாவற்றையும் இறுக்கிப் பின்னால் கட்டிவிடு.

முக்கோணத்து முடியை மொத்தமாக மூக்குக்கு நேராகக் கொண்டு வா. விரலால் இறுக்கி இழுக்காதே, சீப்பில் தாங்கிப் பிடித்தால் போதும். மூக்கு நுனிக்குக் கீழே கத்தரியைப் படுக்க வைக்காமல் செங்குத்தாகப் பிடித்து, நுனியால் கொறிப்பது போல அரிசி அளவுக்கு அரிசி அளவுக்கு வெட்டு. ஓரத்து முடி நடுவுக்கு வருவதற்குக் கூடுதல் தூரம் வர வேண்டுமில்லையா, அதனால் விட்டவுடன் நடுவில் குட்டையாகவும் ஓரத்தில் நீளமாகவும் தானாகவே வளைந்து விழும். நேராகப் பார்த்துக்கொண்டு வெட்டு. கண்ணாடி முன்னால் நின்றால் எல்லோரும் தன்னை அறியாமல் புருவத்தைத் தூக்குவார்கள், நீயும் தூக்குவாய், முகத்தைத் தளர விட்டுவிட்டு அளவு பார்.

ஒரு தடவை வெட்டியதும் தலையை உதறிவிட்டு எழுந்து போய்ப் பத்து நிமிடம் வேறு வேலை பார். வந்து பார்த்தால் போதும் போலத் தோன்றும். அங்கேயே நிறுத்து.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மட்டும் வெட்டாதே. வெட்டுவதென்றால் இப்போதே வெட்டு, ஏழு வாரத்தில் ஏறத்தாழ முக்கால் அங்குலம் வளரும், ஏதாவது கோணல் இருந்தாலும் சரிக்கட்ட நேரம் கிடைக்கும்.

பரு பட்டது போதும்:

வேண்டாம் என்பது என் ஓட்டு. நான் வெட்டியது ஒரு சித்திரை மாதம். தினமும் எண்ணெய் வைக்கிற பழக்கத்தை விட முடியவில்லை, அந்த எண்ணெய் முடி நெற்றியிலேயே கிடந்து வியர்வையோடு சேர்ந்து பதினைந்தே நாளில் நெற்றி முழுக்கப் பரு. அதை மறைக்க முடியை இன்னும் கீழே இழுத்து விடுவேன், இன்னும் பரு வரும். கடைசியில் தோல் டாக்டரிடம் போனால், முதலில் முடியைத் தூக்கிக் கட்டு, எண்ணெயை நெற்றியில் படவிடாதே என்றார். அவ்வளவுதான் வைத்தியம், அடங்கிவிட்டது. எண்ணெயை விட மனமிருந்தால் வெட்டு, இல்லாவிட்டால் இந்த ஊர் வெயிலுக்கு இது தேவையில்லாத வேலை.

மேலூர் டூ மதுரை:

நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்தால் நன்றாக வரும்.

கல்லூரி இரண்டாம் வருடம், விடுதி, இரவு பதினோரு மணி, மறுநாள் அடையாள அட்டைக்குப் போட்டோ. ஏதோ ஒரு வீடியோவில் முடியை நனைத்து நெற்றியில் செல்லோடேப் ஒட்டி, டேப்பின் ஓரமாகவே வெட்டினால் கோடு போட்ட மாதிரி வரும் என்று காட்டினார்கள். கோடு போட்ட மாதிரிதான் வந்தது. புருவத்துக்கு நேராக டேப் ஒட்டினோம், ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வெட்டுகிற கத்தரியால் தோழி வெட்டினாள், அது வெட்டவே இல்லை, முடியை மென்றது. டேப்பைப் பிய்க்கும்போது நாலு முடி வேரோடு வந்தது. சரி, இதுவரைக்கும் பரவாயில்லை என்று தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் முடி காய்ந்து, சுருண்டு, நெற்றிக்கு நடுவில் நிற்கிறது. கண்ணுக்கும் முடிக்கும் நடுவில் ஒரு மைதானம். அந்தத் தலையோடு எடுத்த போட்டோவை மீதி இரண்டு வருடமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். மாட்டுத்தாவணியில் பஸ் பாஸ் காட்டும்போதெல்லாம் கண்டக்டர் ஒரு தடவை அட்டையைப் பார்ப்பார், ஒரு தடவை என்னைப் பார்ப்பார்.

அதைக் காதுக்குப் பின்னால் செருகுகிற அளவுக்கு வளர்க்கப் பத்து மாதம் ஆனது. இதை யாரும் சொல்வதில்லை, வெட்டுவது பத்து நிமிடம், வேண்டாம் என்று தோன்றினால் வளர்ப்பது ஒரு வருடம். நடுவில் கண்ணில் குத்துகிற நீளம் ஒன்று வரும், அந்த இரண்டு மாதம் ஹேர்பின்தான் கதி. பக்கவாட்டில் இரண்டு கொத்தாக முறுக்கிக் குத்திக்கொள்வேன், பார்க்க அது நன்றாகவே இருந்தது என்று நாலு பேர் சொன்னார்கள், பேங்க்ஸை மட்டும் ஒருத்தர் கூடச் சொல்லவில்லை.

இப்போது மறுபடி வெட்டியிருக்கிறேன். ஆமாம், புத்தி வரவில்லை. ஆனால் இந்தத் தடவை காய்ந்த முடியில், கன்னத்து எலும்பு அளவுக்கு, முடி வெட்டுகிற கத்தரியால். நன்றாக இருக்கிறது.

கத்தரிக்காரர்:

இந்தப் பேச்சில் எனக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள், கத்தரி என்று வந்ததால் உள்ளே வருகிறேன். நான் டெய்லர். மீனாட்சி கோவிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்து, கடைகளை மாற்றிய பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தவர்களில் ஒருவன்.

அம்மா, துணிக் கத்தரியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். பதம் இருக்கிறது, வெட்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கத்தரி ஒன்பது பத்து அங்குலம், மேஜை மேல் படுக்க வைத்து ஓட்டுவதற்காகச் செய்தது, கனமும் அதிகம். கையைத் தூக்கி நெற்றிக்கு நேராகப் பிடித்தால் இரண்டே நிமிடத்தில் மணிக்கட்டு ஆடும். கண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஆட்டம் ஆகாது, அதுவும் இடுப்பில் ஒரு பிள்ளையோடு. முடி வெட்டுகிற கத்தரி ஐந்தரை ஆறு அங்குலம்தான் இருக்கும், ஒன்று வாங்கி அதில் முடியைத் தவிர வேறு எதையும் வெட்டாமல் தனியாக வையுங்கள். ஒரு தடவை பால் பாக்கெட்டை வெட்டினாலும் முனை போய்விடும். மழுங்கிய கத்தரி முடியை வெட்டாது, மடக்கிப் பிய்க்கும், அப்புறம் நுனி பிளந்துகொள்ளும். மேலூர்க்காரப் பிள்ளை மென்றது என்று எழுதியிருக்கிறாளே, அதுதான்.

அப்புறம் ஈரம், காய்ச்சல் கதை. காடாத் துணியை நாங்கள் ஏன் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து அதற்கப்புறம் வெட்டுகிறோம்? சுருங்குவது எல்லாம் வெட்டுவதற்கு முன்னாலேயே சுருங்கிவிடட்டும் என்றுதான். முடியும் அதே கணக்கு. சுருங்கி முடித்த பிறகு அளவு எடுங்கள். அளவு எடுத்த பிறகும் அந்த அளவிலேயே வெட்டக் கூடாது, தையலுக்கு விடுகிற மாதிரி ஒரு அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஜாக்கெட் பெரிதாக இருந்தால் பிடித்துக் கொடுக்கலாம், சின்னதாக வெட்டிவிட்டால் மறு துணிதான் எடுக்க வேண்டும், உங்களுக்கு அதுவும் கிடையாது.

என் மகளுக்கு ஏழாவது வயது வரைக்கும் நான்தான் முன்முடி வெட்டினேன். அவள் அம்மா வெட்டினால் அழுவாள்.

சாதனா கட் பாட்டி:

பேத்தி இதை எடுத்துக் காட்டினாள், படித்துவிட்டுச் சிரித்தேன். இப்போது ஏதோ புதிதாக வந்தது போல பேங்க்ஸ் என்கிறீர்கள். எங்கள் காலத்தில் இதற்கு சாதனா கட் என்று பெயர். இந்தி நடிகை சாதனாவுக்கு நெற்றி அகலம். 1960-இல் அவர் கதாநாயகியாக வந்த முதல் இந்திப் படத்தில், அதன் இயக்குநர் ஆர். கே. நய்யார், ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் வைத்திருந்த மாதிரி முன்னால் முடி வெட்டிவிட்டு அந்த நெற்றியை மறைத்தார். ஊரெல்லாம் பெண்கள் அதே மாதிரி வெட்டிக்கொண்டார்கள். ஆக, விளாங்குடி மருமகளே, உன் ஏறு நெற்றிக்கு முடி வெட்டுவது இந்த நாட்டில் அறுபது வருடத்துக்கு மேலான பழக்கம், உன் அத்தையிடம் அப்படியே சொல்.

நான் வெட்டியது 1972, பி.யூ.சி. படிக்கும்போது. வடக்கே இருந்து மாற்றலாகி வந்த ரயில்வேக்காரர் மகள் ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள், அவள் வெட்டிவிட்டாள். வீட்டுக்குப் போனதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள், ஒரு கை எண்ணெயை அள்ளி அந்த முடி மேல் வைத்து அழுத்திப் பின்னால் வழித்துவிட்டாள். தினமும் காலையில் அதே வைத்தியம். கல்லூரி வாசலில் போய்க் கைக்குட்டையால் எண்ணெயைத் துடைத்து முடியை முன்னால் இழுத்து விடுவேன், நாலரை மணிக்கு மறுபடி பின்னால். ஒரு வருடம் இப்படிப் போனது.

பொட்டு விஷயத்தில் உன் அத்தை சொல்வதைத் தள்ளிவிடாதே, ஆனால் பயப்படவும் வேண்டாம். நீ கேட்கிறது நடுவில் பிரிந்து விழுகிறது, சாதனா கட் மாதிரி மூடிக்கொண்டு நிற்பது இல்லை. நடு நெற்றி திறந்துதான் இருக்கும், பொட்டும் தெரியும், மீனாட்சி கோவில் குங்குமமும் தெரியும். வெட்டிய அன்று பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு போய் முன்னால் நில், பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

விளாங்குடி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி, பாட்டிக்கு ஸ்பெஷல் நன்றி, அத்தையிடம் வாசித்துக் காட்டினேன், "யாரு அந்தம்மா, எந்த ஊரு" என்று இரண்டு தடவை கேட்டார்.

பார்லர் அக்கா சொன்ன மாதிரி குதிரைவாலை மடக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து பார்த்துவிட்டேன். எரிச்சல் இல்லை. பிள்ளை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். ஆனால் நனைத்துப் பார்த்ததில் வலது பக்க ஓரத்தில் ஒரு சுழி இருக்கிறது, முடி அங்கே மட்டும் வெளிப்பக்கமாக ஓடுகிறது. இதோடு வெட்டலாமா? ஹெல்மெட்டுக்கும் யாரும் வழி சொல்லவில்லையே.

திருமங்கலம் பார்லர் அக்கா:

ஓரத்தில்தானே, வெட்டு. வெளிப்பக்கமாக ஓடுவது உனக்கு நல்லது, அந்தப் பக்கம் தானாகவே ஒதுங்கிக் கிடக்கும், இடது பக்கத்துக்குத்தான் நீ வேலை செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சுழி மேல் இருக்கிற முடியை மட்டும் மற்றதைவிடக் கால் அங்குலம் நீளமாக விடு, குட்டையாக வெட்டினால் தூக்கிக்கொள்ளும்.

ஹெல்மெட் விஷயம் இப்படி. ஈரமான முடி எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், அடுத்த தடவை நனைகிற வரைக்கும் மாறாது. ஹெல்மெட்டுக்குள் வியர்த்து, அமுங்கி, அப்படியே காய்வதால்தான் கழற்றும்போது நெற்றியில் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. அதனால் மாட்டும்போது முன்முடியைப் பின்னால் தள்ளிவிட்டு மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட் போடு. அலுவலகம் போனதும் விரலைத் தண்ணீரில் நனைத்து முடியின் வேரில், நுனியில் இல்லை, வேரில் தடவி, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி விரலால் வாரிக்கொண்டே காய விடு. மின்விசிறிக்குக் கீழே மூன்று நிமிடம். சுழிக்கும் இதுதான் மருந்து.

எண்ணெயை விடவே வேண்டாம், பின்னலுக்கு வை, முன்னால் மட்டும் தொடாதே. தினமும் தலைக்குக் குளிக்கவும் வேண்டாம், மீதி முடியைக் கட்டிவிட்டு முன்முடியை மட்டும் வாஷ்பேசினில் ஒரு சொட்டு ஷாம்பு போட்டு அலசினால் போதும். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் விறைப்பாக நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க பவுடர் தூவச் சொல்வார்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பவுடர் பறக்க விடாதே, தேவை என்றால் அலுவலகத்தில் வைத்துச் செய்துகொள்.

உசிலம்பட்டி சுருட்டை:

இடையில் ஒன்று. அலை அலையான முடி என்கிறீர்கள், எனக்கு அதைவிடச் சுருட்டை. வெட்டுகிற அன்று அயர்ன் பண்ணி நேராக்கிவிட்டு அளவு பார்க்காதீர்கள், நான் அப்படித்தான் ஏமாந்தேன். நேராக இருக்கும்போது மூக்கு வரைக்கும் வந்தது, அடுத்த தலைக்குளியலில் புருவத்துக்கு ஏறிவிட்டது. நீங்கள் சாதாரண நாளில் தலையை எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே வைத்துக்கொண்டு வெட்டுங்கள். மூக்கு நுனி என்று அக்கா சொன்னதை நீங்கள் மேலுதடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு தடவை குளித்த பிறகு மறுபடி பார்த்து வெட்டிக்கொள்ளலாம்.

விளாங்குடி மருமகள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வெட்டிவிட்டேன்!

ஆறு அங்குலக் கத்தரி ஒன்று வாங்கினேன், துணிக் கத்தரியைப் பரணில் போட்டாகிவிட்டது. பிள்ளை தூங்கிய மதியம், நல்ல வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரே கண்ணாடியை வைத்து உட்கார்ந்தேன். இரண்டு விரல் அளவுக்குத்தான் முக்கோணம் எடுத்தேன். மேலுதட்டில் ஆரம்பித்தேன். கொறிக்கிற மாதிரி வெட்டுவது முதலில் கை வரவில்லை, கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதால் கத்தரி எதிர்ப்பக்கமே போனது. நாலாவது கொறிப்பில் பழகிவிட்டது. புருவத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தேன், அக்கா எழுதியது ஞாபகம் வந்து இறக்கியதும் முடி அரை விரல் கீழே இறங்கியது!

இடது பக்கம் கொஞ்சம் நீளமாக வந்துவிட்டது. சரி பண்ணுகிறேன் என்று மறுபடி கையை வைக்கப் போனபோது பிள்ளை எழுந்து அழுதுவிட்டான், அதுதான் என் தலையைக் காப்பாற்றியது. மறுநாள் குளித்துக் காய்ந்த பிறகு பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை, சுழிப் பக்கம் கொஞ்சம் தூக்கியதால் அப்படித் தெரிந்திருக்கிறது.

நாற்று முழுசாக மறையவில்லை, பக்கத்தில் வந்து பார்த்தால் உள்ளே நிற்பது தெரியும், ஆனால் தூரத்தில் இருந்து பார்த்தால் பேங்க்ஸோடு சேர்ந்துகொள்கிறது. ஹெல்மெட் கழற்றியதும் முதல் பத்து நிமிடம் கேவலமாகத்தான் இருக்கிறது, விரலை நனைத்து வாரினால் சரியாகிவிடுகிறது. எண்ணெயை முன்னால் நிறுத்தியதற்குப் பலன் தெரிகிறது, பரு ஒன்றும் வரவில்லை.

கல்யாணத்துக்கு ஒத்திகை மாதிரி நேற்று வெள்ளிக்கிழமை தலை பின்னிப் பூ வைத்துப் பார்த்தேன். நாலு முழம் மல்லி வைக்க அத்தை பின்னலை இறுக்கியபோது முன்முடியும் சேர்ந்து பின்னலுக்குள் போகப் பார்த்தது, முதலிலேயே கிளிப் போட்டுப் பிரித்து வைத்தால்தான் தப்பிக்கும் என்று தெரிந்துகொண்டேன். பொட்டை பாட்டி சொன்ன மாதிரி பெரிதாகவே வைத்தேன். அத்தை பின்னி முடித்துவிட்டு முன்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையில் "அந்தக் கத்தரிய எங்க வச்ச" என்று கேட்கிறார். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

கத்தரிக்காரர்:

கீரை வெட்டுவதற்காக இருக்கும். ஒளித்து வையுங்கள்.